போட்டுப் பார்த்து வாங்கிய மணி

உசிலம்பட்டிக் கடைத்தெருவில் தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் மேளக்காரர்கள் கோலை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மேளத்துக்குள் பஞ்சு. இசையைக் காற்றில் விட்டால் எவனாவது பிடித்து நகல் எடுத்துவிடுவான் என்று பயந்து கம்பெனிகள் காற்றையே அடைத்துப் பல வருடங்களாகின்றன. இப்போது மேளமானாலும் பாட்டானாலும் காதுக்குப் பின்னால் பதித்த செவிமணிக்கு நேரே வந்து இறங்கும், அதுவும் சந்தா கட்டியிருந்தால். கட்டியவர்கள் கையைத் தூக்கி ஆடினார்கள். கட்டாதவர்கள், இவனுகளுக்கு என்ன வலிப்பா என்கிற மாதிரி ஓரமாக நின்று பார்த்தார்கள்.

சீரில் கிடாய் இருந்தது, பழத்தட்டு இருந்தது, பட்டு இருந்தது. ஒருவரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. எல்லார் கண்ணும் துருவன் தலைக்கு மேல் தூக்கி வந்த வெள்ளித் தட்டின் மேல்தான். பட்டுத்துணியின் நடுவில் மிளகு அளவில் ஒரு மணி. துருவன் வேலை பார்க்கும் டல்லஸ் நகரத்தில் வாங்கியது. இன்று அவன் தங்கை மகிழினியின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையின் பெயர் வீராயி. பழைய பெயர்களெல்லாம் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலம், தெருவுக்கு நாலு வீராயி திரிந்தார்கள்.

இந்த வீராயிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தட்டில் இருந்தது ஊரார் போடுகிற செவிமணி இல்லை, உள்மணி. மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்து மண்டைக்குள் பொருத்தி, அதன் முள்ளை நரம்பில் செருகிவிட்டால், உலகத்துச் சத்தமெல்லாம் அந்த மணி வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். மணி விட்டது கேட்கும், விடாதது கேட்காது. அவ்வளவுதான் கணக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதே மாதிரி உள்மணியை இலவசமாகவே வைக்கிறார்கள். நல்ல மணிதான், போட்ட பிள்ளைகள் கலகலவென்று பேசித் திரிகின்றன. அங்கே போய் எழுதி வைக்கலாம் என்று மகிழினியின் புருஷன் அகரன் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மனிதன் சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டான். "இலவச மணியா? எங்கண்ணன் அமெரிக்காவுல குத்துக்கல்லாட்டம் இருக்கையில, எம்புள்ள இலவச மணிய மாட்டிக்கிட்டுத் திரியணுமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். அந்தக் கேள்வி பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் ஓவியாவுக்கும் சேர்த்துத்தான்.

ஓவியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒரே குரல். பால்காரரிடம் பேசினாலும் சாமியிடம் வேண்டினாலும் பலகையில் ஆணி அடிக்கிற மாதிரி டக் டக் என்று விழும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பேசுவதில் முக்கால்வாசி திட்டு.

"அமெரிக்கா மணி நம்மூரு வெயிலுக்குத் தாங்குமாத்தா" என்றாள் அவள், தட்டை எட்டிப் பார்த்து.

"போட்டுப் பாத்துத்தான் மதினி வாங்கிருக்கு" என்றாள் மகிழினி. சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல்.

உண்மைதான். மகிழினியின் வீட்டார் ஒரு குண்டு பல்பு வாங்கினாலும் கடைக்காரரை மாட்டச் சொல்லி, எரிவதைக் கண்ணால் பார்த்து, அப்புறம்தான் காசை எடுப்பார்கள். மின்விசிறியைச் சுழலவிட்டுப் பார்ப்பார்கள். பேனாவை வாங்கும் முன் கடைக்காரரின் தாளிலேயே கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் டல்லஸுக்குக் கூப்பிட்டு அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "அடைச்ச டப்பாவ அப்படியே தூக்கிட்டு வந்துராதண்ணே. போட்டுப் பாத்து வாங்கு." கடைக்காரப் பெண், முத்திரை உடைக்காத சரக்கு, பழுது இருக்க வழியே இல்லை என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். துருவன் விடவில்லை. எங்க ஊர்ல இப்படித்தான் என்று நின்றான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையைக் கிழித்தாள், மணியை உயிர்ப்பித்தாள். அதில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. எரிவதைப் பார்த்துத் திருப்தியாகப் பணம் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை அழுதது. அதன் அழுகை அதற்கே கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் மணியைப் பொருத்தி, தையல் ஆறியதும் திறந்துவிடும் நாள் வந்தது. மகிழினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீராயிக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. அவள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து மகிழினி அவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். கேட்காது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தலை வாரும்போதெல்லாம் ராசாத்தி, தங்கம், எங்கண்ணு என்று இழுத்து இழுத்துக் கொஞ்சினாள். பிள்ளை அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். இந்தக் கொஞ்சல் ஒரு நாள் அந்தக் காதில் விழ வேண்டும். மகிழினிக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

காதுப் பிரிவில் வேலை பார்க்கும் நஸ்ரின் மணியைத் திறந்துவிட்டு, "வீராயி, கேக்குதா?" என்றாள். பிள்ளை விலுக்கென்று திரும்பியது. அகரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், ஆண்பிள்ளை அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று. மகிழினி குனிந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். "என் ராசாத்தீ, அம்மாடா, தங்கமே, அம்மா பேசறேன்டா கண்ணூ."

வீராயி அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எப்போதும் போலத்தான். கேட்டதற்கான அறிகுறியே முகத்தில் இல்லை.

மகிழினி மறுபடி சொன்னாள். இன்னும் இழுத்து, இன்னும் இனிப்பாக. பிள்ளை கொட்டாவி விட்டது.

"ஏய், அந்த ஒயரப் புடிச்சு இழுக்காத" என்றாள் வாசலில் நின்ற ஓவியா.

வீராயி சடாரென்று அவள் பக்கம் திரும்பினாள். கண் விரிந்தது. வாய் நிறையச் சிரித்தாள், இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினாள்.

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இந்த மணிய முதல்ல எங்க வச்சு ஆன் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

உலகத்தைக் கம்பெனிகள் இசைமண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்தன. அமெரிக்கா முதல் மண்டலம், நாம் ஐந்தாவது. ஒரு மணி முதன்முதலில் எந்த மண்ணில் கண் விழிக்கிறதோ, ஆயுசுக்கும் அந்த மண்டலத்து மணிதான். நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவென்று ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு மெட்டறிவான் உண்டு. வருகிற சத்தம் ஏறி இறங்கி, இழுபட்டு, குழைந்தால் அதைப் பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். பாட்டுக்கு உரிமை இருக்கிறதா என்று தன் மண்டலத்துப் பதிவில் தேடும். இருந்தால் விடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும்.

"இது மண்டலம் மாறி வந்துருச்சுங்க" என்றாள் நஸ்ரின். "இங்க எதுக்கு உரிமை இருக்கு, எதுக்கு இல்லன்னு இதுக்குத் தெரியாது. தெரியலன்னா எல்லாத்தையும் நிறுத்திரும். நமக்கெல்லாம் அப்படி நிறுத்தினாலும் சொந்தக் காதுல கொஞ்சம் கசியும். பாப்பாவுக்குக் காதே இதுதான்."

"நான் பாடலியேம்மா. பேசத்தான செஞ்சேன்."

"நீங்க கொஞ்சுனீங்க. அதுக்கு வித்தியாசம் தெரியல."

"அப்ப இவுக பேசுனது?" மகிழினி நாத்தனாரைக் காட்டினாள்.

நஸ்ரின் ஓவியாவைப் பார்த்தாள், பதில் சொல்லச் சங்கடப்பட்டாள். "அவங்க குரல்ல மெட்டு இல்லைங்க" என்றாள் கடைசியில்.

வேறு மணி வைத்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. நரம்பில் செருகிய முள் அந்தக் கம்பெனியுடையது. அதில் அவர்கள் மணிதான் உட்காரும், அரசாங்க மணி பொருந்தாது. முள்ளைப் பிடுங்கினால் நரம்பும் சேர்ந்து வந்துவிடும். அதே கம்பெனியின் புது மணியை மாட்டலாம், ஆனால் மண்டை எலும்பு முற்ற வேண்டும், பள்ளிக்கூடம் போகிற வயசு ஆகட்டும் என்றார்கள்.

மகிழினி வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாந்தான் அடைச்ச டப்பாவாவே வாங்கிட்டு வரேன்னேன். போட்டுப் பாக்கச் சொன்னது நீதானடி" என்றான். எந்த வாயால் படித்துப் படித்துச் சொன்னாளோ அந்த வாயில் நாலு அறை அறைந்துகொண்டாள்.

அப்புறம் கம்பெனியின் சேவைக்குரலைக் கூப்பிட்டாள். அது மனிதக் குரல் இல்லை, இயந்திரம். ஆனால் தேனில் முக்கி எடுத்தது, ஒவ்வொரு வாக்கியத்தையும் தாலாட்டு மாதிரி இழுத்து முடிக்கும். முதல் மண்டலத்துச் சரக்குக்கான புகாரை முதல் மண்டலத்திலிருந்துதான் கொடுக்க முடியும் என்று பாடியது. உங்கள் மண்டலத்தில் இந்தப் புகார் கிடைப்பதில்லை, வருந்துகிறோம் என்று குழைந்தது. மகிழினி விடவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "எம்புள்ள எதக் கேக்கணும் எதக் கேக்கக்கூடாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? அத எம்புள்ள முடிவு பண்ணட்டும்" என்றாள்.

"அருமையான ஆலோசனை" என்றது சேவைக்குரல். "பதிவு செய்துகொண்டோம்."

வீட்டுக்குள் நடந்ததுதான் கொடுமை. வீராயி விடிந்ததும் அத்தை வீட்டுக்கு ஓடினாள். ஓவியா அவளைக் கூப்பிடவே இல்லை. அவள் பாட்டுக்கு வீடு பெருக்குவாள், பாத்திரம் விளக்குவாள், போகிற வருகிறவர்களையெல்லாம் வைதுகொண்டிருப்பாள். பிள்ளை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவள் வாயையே பார்க்கும். அந்த வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லும் முழுசாகக் கேட்டது. "தள்ளு எருமை" என்றால் சிரித்துக்கொண்டு தள்ளி உட்காரும். "ஏன்டி இங்கயே கெடக்க, உங்கம்மா கிட்டப் போயேன் சனியனே" என்றால் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஓவியா பொல்லாதவள் இல்லை. பிள்ளையைப் பிடித்துத் தாய் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவாள். அது மறுபடி பின்னாலேயே வரும்.

மகிழினிக்கு வயிறு எரிந்தது. குரலை ஏற்றாமல் இறக்காமல் கொஞ்சிப் பார்ப்போம் என்று முயன்றாள். வானிலை வாசிக்கிற மாதிரி, "என் தங்கமே" என்றாள். 'என்' வரை சரியாக வந்தது. 'தங்கம்' என்னும்போது தொண்டை தானாகக் குழைந்தது. பிள்ளைக்குக் கேட்டது 'என்' மட்டும். என்ன என்பது போல் நிமிர்ந்து பார்த்தது, தாயின் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாளெல்லாம் பழகினாள். முடியவில்லை. அந்த மாதிரிச் சொற்களைத் தட்டையாகச் சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்?

"திட்டிப் பாரேன்" என்றாள் ஓவியா ஒரு நாள். கிண்டல் இல்லை, நிஜமான யோசனையாகத்தான் சொன்னாள். "திட்டுனா குரல் இழுக்காது. புள்ள திரும்பிப் பாக்கும்ல."

"பெத்த புள்ளையப் போயி எதுக்கு மதினி திட்டணும். அது என்ன பண்ணுச்சு?"

"அப்பச் சும்மா இரு."

மகிழினி சும்மாதான் இருந்தாள், சந்தை நாள் வரைக்கும்.

சந்தை நாளில் பேருந்து நிலையத்தின் முன்னால் நெரிசல். மகிழினி தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது வீராயி கையை உருவிக்கொண்டு எதிர்ப்பக்கப் பலூன்காரரைப் பார்த்து நடந்துவிட்டாள். தேனியிலிருந்து வந்த பேருந்து திரும்பியது. எல்லா இசையையும் அடைத்த கம்பெனிகளாலும் நம் ஓட்டுநர்களின் ஊதலை அடைக்க முடியவில்லை. அவர் முழு மெட்டையும் ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டே வந்தார். தெருவே ஒதுங்கியது. வீராயியின் காதில் அந்த ஊதல் இல்லவே இல்லை. நடுத்தெருவில் நின்று மஞ்சள் பலூனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீராயீ" என்று மகிழினி அலறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல், இழுத்துக்கொண்டே போயிற்று. மெட்டறிவான் அதை நல்ல பாட்டு என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. பிள்ளை திரும்பவில்லை. மறுபடி அலறினாள், மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை அவளுக்குள் என்னமோ அறுந்தது. அலறலை விழுங்கிவிட்டு, பலகையில் ஆணி அடிப்பதைப் போல, "இங்க வாடி சனியனே" என்றாள்.

பிள்ளை துள்ளித் திரும்பியது. அம்மாவைப் பார்த்தது. ஓடி வந்தது. பேருந்து அதன் பாவாடை நுனியில் காற்றடித்துக்கொண்டு போயிற்று.

வீராயி தாயின் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை. மகிழினி குனிந்து பிள்ளையின் தலையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, சந்தைக் கூட்டத்தில் நின்று, "நாயே, பேயே, மூதேவி" என்று தெரிந்த வசவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் முகம் மலர்ந்தது.

அன்றிலிருந்து அவள் திட்ட ஆரம்பித்தாள். கைவந்த கலை இல்லை, கற்றுக்கொண்டாள். ஓவியாவே வாத்தியார். எந்த வசவை எந்த வேகத்தில் போட வேண்டும், எங்கே மூச்சு விட்டால் குரல் குழையாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சோறு ஊட்டும்போது, "தின்னு தொலை". தலை வாரும்போது, "அசையாத கழுதை". படுக்க வைக்கும்போது, "தூங்குடி சனியனே". வீராயி நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அத்தை வீட்டுப் பக்கம் போவது குறைந்தது. மகிழினி ஜெயித்துவிட்டாள்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தது. என்ன பேச்சு வரும்? கேட்டதுதானே வரும். முற்றத்தில் பூத்த செம்பருத்தியைப் பறித்து வந்து, "இந்தா சனியனே, வச்சுக்க" என்று தாயின் தலையில் வைத்தது. ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே, "செத்துப் போ, செத்துப் போ" என்றது, அத்தனை பிரியமாக. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு டீச்சர் மகிழினியைக் கூப்பிட்டு அனுப்பினாள். "மத்த பிள்ளைங்களக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்துட்டு மூதேவிங்கறா உங்க பொண்ணு. வீட்ல என்னம்மா நடக்குது?" மகிழினி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

ஆனால் உள்ளே ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்படியில் தனியாக நின்று, பழைய கொஞ்சலைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். திட்டித் திட்டிக் குரல் தடித்துப் போயிருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று பயம். புது மணி வரும், அன்றைக்குப் பேசுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் திட்டினாள்.

எலும்பு முற்றிவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன வருடம் துருவன் வந்தான். டல்லஸிலிருந்து டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொன்ன அதிகாரியிடம் சண்டை போட்டிருக்கிறான். "முத்திரை உடையலடி. நீயே பாத்துக்க" என்று தங்கை கையில் கொடுத்தான். அவள் அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. நேரே நஸ்ரினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புது மணி மதுரையில் கண் விழித்தது. ஐந்தாம் மண்டலத்து மணி. நஸ்ரின் திரையைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். "பேச்சுக் குரலப் பாட்டுன்னு எடுத்துக்கற கோளாறையும் சரி பண்ணிட்டாங்க. பாட்டு, பேச்சு, கொஞ்சல் எல்லாமே கேக்கும். இன்னொரு வசதியும் குடுத்துருக்காங்க. நம்ம மண்டலத்துக்காரங்க போட்ட புகார்னாலதான் வந்துச்சாம். எதக் கேக்கறதுன்னு இனிமே கம்பெனி முடிவு பண்ணாது, போட்டிருக்கறவங்கதான் பண்ணுவாங்க. புடிக்காத சத்தம் வந்தா காதுக்குப் பின்னால ரெண்டு தட்டு. இந்தச் சத்தம் வேணுமான்னு மணி கேக்கும். வேணாம்னு சொன்னா அந்த மாதிரிச் சத்தத்த அதோட நிறுத்திரும்."

"தெரியாம நிறுத்திட்டா?" என்றான் அகரன்.

"போட்டிருக்கறவங்களே மறுபடி வேணும்னு சொல்லணும். வேற யாராலயும் திறக்க முடியாது, என்னாலயும் முடியாது."

வீராயி இரண்டு தட்டுத் தட்டிப் பழகிக்கொண்டாள். குளிரூட்டியின் இரைச்சலை நிறுத்தினாள். கெட்டிக்காரி.

மகிழினி ஆஸ்பத்திரியில் வாயே திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று பொத்தி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு கொடுத்து, மத்தியான வெயிலுக்குக் கதவைச் சாத்தி, பாயில் படுக்க வைத்துத் தானும் பக்கத்தில் சாய்ந்தாள். தலையைக் கோதிவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

"என் ராசாத்தீ" என்றாள். "என் தங்கமே, அம்மாவோட கண்ணே, செல்லமே."

வீராயி வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

கேட்டுவிட்டது. மகிழினிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. இன்னும் இழுத்து, இன்னும் குழைந்து, அடுப்படியில் பழகியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எதுக்கு அப்படிக் கத்துற" என்றது, ஓவியாவின் குரலில். "எங்கயாச்சும் வலிக்குதா."

"இல்லடா தங்கம், அம்மா கொஞ்சறேன்டா."

"வேணாம். பயமா இருக்கு. நிறுத்து."

"அம்மாதான்டா செல்லம். பயப்படாதடா, என் ராசாத்தி இல்ல."

வீராயி தாயை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர், கோணிய வாய், புரியாத ஊளை. அவள் கை மெல்லக் காதுக்குப் பின்னால் போனது. இரண்டு தட்டு. மணி உள்ளே என்னமோ கேட்டிருக்க வேண்டும். "வேணாம்" என்றாள் வீராயி.

அவள் முகம் தெளிந்தது. பயம் போய்விட்டது. பாயில் மறுபடி படுத்துக்கொண்டு அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்தாள், சின்ன வயதில் பார்த்த மாதிரியே. கொஞ்சம் பார்த்துவிட்டு விரலால் தொட்டாள்.

மகிழினி உடனே நிறுத்தவில்லை. கேட்காது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேணும்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்கலாம்தான். எதை வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிள்ளை? பயந்து நிறுத்தியதையே எப்படிக் கேட்கும்?

அவளுடைய செவிமணிக்குள் சேவைக்குரல் வந்தது. முதல் நாள் மாதிரியே தேன் சொட்டியது. "அன்புள்ள மகிழினி அவர்களே, உங்கள் நெடுநாள் புகார் இன்று தீர்ந்தது. எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பதை இனி உங்கள் மகளே முடிவு செய்கிறாள். அருமையான ஆலோசனைக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"வேணாம்" என்றாள் மகிழினி.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டாள்.

"தூங்குடி சனியனே."

வீராயி சிரித்தாள். ஒரு காலைத் தூக்கி அம்மாவின் மேல் போட்டுக்கொண்டு, "நீயும் தூங்கு மூதேவி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.